காணும் என்றவர்

அவர் ஈயம் உருக்கும்போது பக்கத்தில் நிற்கிறவர்கள் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். அது அவர் போட்ட சட்டமில்லை. அவர் யாருக்கும் சட்டம் போடுகிற ஆளில்லை. அவர் பேசாமல் இருக்கிற விதமே நம்மையும் பேசவிடாது, அவ்வளவுதான். கார்ச் சக்கரத்தில் சமநிலைக்காக மாட்டுகிற ஈயத் துண்டுகளை இரும்புச் சட்டியில் உருக்கி, மேலே மிதக்கும் அழுக்கை வழித்துவிட்டு, கரண்டியால் அள்ளி அச்சில் ஊற்றுவார். ஆறியதும் அச்சைத் திறந்து குண்டைப் பழந்துணியின் மேல் உருட்டுவார். முப்பது வார்த்தால் பத்து தேறும். மேலே சுருக்கம் விழுந்தது ஒன்று, அடி விளிம்பு மழுங்கியது ஒன்று என்று பொறுக்கிப் பொறுக்கி மறுபடியும் சட்டிக்குள்ளேயே போட்டுவிடுவார். எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். "அடி சரியில்லாட்டி போற வழி சரிவராது," என்பார். அன்றைய பேச்சு அத்தோடு முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

இது மாண்ட்ரியல் தீவின் மேற்குக் கோடியில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், ஒரு மாட்டுப் பண்ணையின் கொட்டகையில். எண்பதுகளின் நடுப்பகுதி. அவர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கத்து ஊர்க்காரர். அங்கே விளைந்த வயலில் இறங்கும் பன்றிகளைச் சுடுவது அவர் தொழில். வெடிக்காரர் என்பார்களாம். இங்கே அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு முடிவுக்குக் காத்திருந்தவர். வயது ஐம்பதுக்குச் சற்று மேல். நான் புதுச்சேரிக்காரி. என் பிரெஞ்சு எனக்குப் பிறந்தவீட்டுச் சீதனம். அதை வைத்துக்கொண்டு அகதி விசாரணைகளில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு முப்பது வயது, தலைகால் தெரியாத கர்வம்.

பண்ணைக்காரர் எழுபதைத் தாண்டிய கியூபெக் கிழவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளைகள் நகரத்தோடு போய்விட்டார்கள். அவருடைய தலைவலி மர்மோட். பெருச்சாளியைப் பத்து மடங்கு ஊதிவிட்ட மாதிரி ஒரு பிராணி. புல்வெளியெங்கும் வளை தோண்டும், மாடு காலை விட்டு எலும்பை முறித்துக்கொள்ளும். சுட்டுத் தொலைக்கலாம் என்றால், கிழவரின் வேட்டைத் துப்பாக்கி மான் சுடுகிற துப்பாக்கி. கடைத் தோட்டாவைப் போட்டால் அது உதைக்கிற உதையை அறுவை செய்த அவர் தோள் தாங்காது. சத்தத்தில் மாடுகள் மிரளும், சாலையோரம் புதிதாக வந்த வீட்டுக்காரர்கள் போலீசைக் கூப்பிடுவார்கள். ஆகவே ஈயக் குண்டைத் தாமே வார்த்து, வெடிமருந்தைக் குறைத்துப் போட்டு, வேகம் தணிந்த தோட்டாவாகச் செய்துகொள்ள வேண்டும். கிழவரிடம் அச்சும் தராசும் இருந்தன. அளவு பிடிபடவில்லை. மாட்டுக்குப் புல் போட வேலைக்கு வந்த நம் ஆளுக்கு அது கைவந்த கலை என்று ஒருநாள் தெரிந்துபோயிற்று.

அந்த அளவைத் தேர்ந்தெடுப்பது நான் நினைத்ததுபோல் கொஞ்சமாகப் போட்டால் முடிகிற காரியமில்லை. மருந்து கூடினால் மிருதுவான ஈயம் குழாய்க்குள் இழுபட்டுச் சாம்பல் நிறக் கோடாக ஒட்டிக்கொள்ளும், குண்டு எங்கேயோ போகும். ரொம்பக் குறைந்தால் இன்னும் மோசம். குண்டு குழாயின் நடுவிலேயே நின்றுவிடும். அது தெரியாமல் அடுத்த வெடியை வைத்தால் குழாய் பிளந்து சுடுகிறவனின் முகத்தோடு போகும். இன்னொன்றும் உண்டு. இத்தனை கொஞ்சம் மருந்து தோட்டாவின் பித்தளைக் கோதுக்குள் எங்கே கிடக்கிறதென்றே தெரியாது. கைமறதியாக இரண்டு தடவை போட்டுவிட்டாலும் வெளியே தெரியாது. அதனால் ஒவ்வொரு கோதையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் குழாய்க்குள் ஒரு குச்சியை விட்டுப் பார்க்கக் கைச்சாடையால் சொல்வார். சுடுமுன் துப்பாக்கியை வானத்துக்கு நிமிர்த்தி, மருந்து அடியில் உட்கார்ந்த பிறகு மெதுவாக இறக்கச் சொல்வார். கிழவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கேட்பார்.

குறைக்க வேண்டும், ஆனால் விலங்குக்கு நோகக் கூடாது. இதுதான் அவருடைய கணக்கு. அடிபட்டு வளைக்குள் போய் மூன்று நாள் கிடந்து சாகிற அளவுக்குக் குறைப்பது பாவம் என்பார். பட்ட இடத்தில் முடிய வேண்டும், அதற்குமேல் ஒரு துளி மருந்தும் வேண்டாம். அந்த அளவை அவர் தராசைப் பார்த்துச் சொல்ல மாட்டார். முதல் நாள் கிழவர் பேப்பரில் சுட்டுப் பார்த்த துளைகளை நினைவில் வைத்துக்கொண்டு, மருந்து விழுவதைக் கண்ணால் பார்த்துச் சொல்வார். தராசில் வைத்தால் சரியாக இருக்கும்.

துவக்கை மட்டும் அவர் தொட மாட்டார். அவர் பேச்சில் அது துவக்கு, துப்பாக்கி இல்லை. அகதி வழக்கு நடக்கும்போது எதற்கு வம்பு என்றுதான் ஒதுங்குகிறார் என்று நான் நினைத்தேன். கிழவர் எத்தனையோ முறை நீட்டியிருக்கிறார். இவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுவிடுவார்.

இதையெல்லாம் நான் பிறகு, ஞாயிறு ஞாயிறாக அங்கே போய் நின்று பார்த்தேன். அவர் கூப்பிட்டு நான் போகவில்லை. குற்ற உணர்ச்சி என்னைப் பிடரியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போயிற்று. அந்தக் குற்றம் என்ன என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

முதன்முதலில் அவரைப் பார்த்தது அவருடைய விசாரணை நாளில். கூட்டத்தில் தனியாக, புதுச் சட்டையின் மடிப்புக் கோடு கலையாமல், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். நான் காப்பி இயந்திரத்தில் இரண்டு காகிதக் கோப்பை பிடித்து வந்தேன். அவருடைய கோப்பையில் சர்க்கரையைப் போட ஆரம்பித்ததும் "காணும்" என்றார். எதைக் காணும் என்று தெரியவில்லை. பேனாவா, கோப்பா, கையுறையா? குனிந்து தரையைப் பார்த்தேன். நான் பார்ப்பதைப் பார்த்து அவரும் மரியாதைக்குக் குனிந்து பார்த்தார். இரண்டு பேரும் நாற்காலிக்கு அடியில் ஒரு நிமிடம் தேடினோம். ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் நிமிர்ந்து உட்கார்ந்து காப்பியைக் குடித்தார். பாவம், பயத்தில் குழம்பியிருக்கிறார் என்று நான் முடிவுகட்டினேன்.

எங்கள் ஊரில் பேனாவைக் காணும் என்றால் பேனா தொலைந்துவிட்டது. அதுதான் எனக்குத் தெரிந்த தமிழ். அதுவரை நான் பார்த்த இலங்கைக்காரர்கள் நாலைந்து பேரும் யாழ்ப்பாணத்துப் படித்த பையன்கள். நான் இந்தியக்காரி என்று தெரிந்ததும் எனக்குப் புரிகிற தமிழுக்கு மாறிவிடுவார்கள். ஓம் என்றால் ஆமாம், கதைப்பது என்றால் பேசுவது என்று கற்றுக்கொண்டதோடு என் பாடம் முடிந்தது என்று இருந்தேன். இவர் எனக்காக மாற்றிக்கொள்ளவில்லை. மாற்றிப் பேசத் தெரியாது அவருக்கு.

விசாரணையில் அதிகாரி கேள்வி கேட்பார், எல்லாம் ஒலிநாடாவில் பதிவாகும், பிறகு தட்டச்சாகி ஒட்டாவாவுக்குப் போகும். அங்கே யாரோ படித்து முடிவு செய்வார்கள். நம் ஆளின் முகத்தை அவர்கள் பார்க்கப் போவதில்லை. என் பிரெஞ்சைத்தான் பார்ப்பார்கள். ராணுவம் ஊரைச் சுற்றி வளைத்ததைச் சொன்னார், மூன்று வாக்கியத்தில். வீடுகள் எரிந்ததைச் சொன்னார், ஒரு வாக்கியத்தில். பக்கத்தில் இருந்த வக்கீல் இன்னும் சொல்லச் சொல்லு என்று என்னிடம் கண்ணைக் காட்டிக்கொண்டே இருந்தாள். மற்றவர்கள் அழுவார்கள், சட்டையைக் கழற்றித் தழும்பைக் காட்டுவார்கள். இவர் நடந்ததற்கு மேல் ஒரு சொல்லும் வைக்கவில்லை.

மகனுக்கு என்ன ஆயிற்று என்று அதிகாரி கேட்டார். பத்தொன்பது வயது மகன். நான் தமிழில் கேட்டேன். அவர் மேசையைப் பார்த்துச் சொன்னார்.

"வயலுக்குள்ளால ஓடினவன். ஒரு வெடிதான். காணும்."

நான் சொன்னேன்: வயல் வழியாக ஓடினான், ஒரு துப்பாக்கிச் சத்தம் கேட்டது, அதற்குப் பிறகு அவனைக் காணவில்லை. பிரெஞ்சில் அது அழகாக வந்து விழுந்தது. அந்த அழகில் எனக்கு ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. இப்போது நினைத்தால் கூசுகிறது. அதிகாரி அடுத்து, மகனைத் தேடினாரா என்று கேட்டார்.

"தேடினீங்களா, ஐயா?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பைத்தியக்காரியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார் என்று அப்போது தோன்றியது. அது சரியாகத்தான் தோன்றியிருக்கிறது.

"என்னத்தத் தேடுற, புள்ள?"

தேடவில்லை என்று சொல்கிறார் என்றேன். அதிகாரி வெகுநேரம் எழுதினார்.

எட்டு மாதம் கழித்து மறுப்புக் கடிதம் வந்தது. அதைத் தமிழில் படித்து விளக்கிவிட்டு வரும்படி வக்கீல் என்னை அனுப்பினாள். அவர் அதற்குள் பாத்திரம் கழுவுகிற வேலையை விட்டுப் பண்ணைக்குப் போயிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் காரில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். கொட்டகைக்குள் நுழைந்தபோது கிழவரும் அவரும் கோதுகளுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் நிறுத்தினால் எதில் போட்டோம் எதில் போடவில்லை என்று குழம்பிவிடுமாம். கையைக் காட்டி நிற்கச் சொன்னார். நின்றேன்.

கிழவர் சின்னக் கரண்டியால் மருந்தைச் சரிப்பார். இவர் பார்த்துக்கொண்டே இருந்து "காணும்" என்பார். கிழவர் சட்டென்று நிறுத்துவார். அடுத்த கோது. மறுபடி "காணும்". மறுபடி நிறுத்தம். நாலாவது தடவை நான் கிட்டப் போனேன். கிழவரிடம் பிரெஞ்சில் கேட்டேன், அவர் என்ன சொல்கிறார் என்று. தமிழ்ப் பெண்ணே இப்படிக் கேட்கிறாளே என்று கிழவருக்கு ஒரே சிரிப்பு. தாம் கற்றுக்கொண்ட முதல் தமிழ்ச் சொல் அதுதான் என்றார் பெருமையாக.

"காணூம் என்றால் செ தஸ்ஸே, மதாம். போதும் என்று அர்த்தம்."

நான் பக்கத்தில் இருந்த வைக்கோல் கட்டில் உட்கார்ந்தேன். ஒரு வெடிதான், காணும். ஒரே வெடி, அதுவே போதுமாக இருந்தது. அதைத்தான் ஒரு தகப்பன் சொன்னான். பிறகு நான் அந்தத் தகப்பனைப் பார்த்து, பிள்ளையைத் தேடினாயா என்று கேட்டிருக்கிறேன். பிரெஞ்சைத் தவிர வேறு பாஷை தெரியாத கிழவனுக்குப் புரிந்த தமிழ், பத்து வயதில் ஆத்திசூடி ஒப்பித்த எனக்குப் புரியவில்லை.

அவர் மருந்துப் பெட்டியை மூடி வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்தார். கடிதத்தைப் படித்தேன். வந்திறங்கிய நாளில் விமான நிலையத்தில் எழுதிய குறிப்பில் மகன் இறந்துவிட்டதாக இருக்கிறது, விசாரணையில் காணாமற்போனதாகச் சொல்கிறார். காணாமற்போன மகனைத் தகப்பன் தேடவேயில்லை என்பதை நம்ப முடியவில்லை. ஆகவே மற்றவற்றையும் நம்புவதற்கில்லை. மூன்று வரியில் முடித்திருந்தார்கள்.

"ஆரு காணாமப் போனது?" என்று கேட்டார்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. அந்த வெளுப்புக்கு வேறு காரணமும் இருந்தது, அது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. தப்பு என்னுடையது என்று அந்த நிமிடத்தில் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவங்க தப்பா எழுதிட்டாங்க, ஐயா" என்றேன். அவங்க. அதைச் சொல்லிவிட்டுக் கிழவர் கொடுத்த தேநீரையும் குடித்துவிட்டு வந்தேன்.

பதினோரு நாள் யாரிடமும் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் பாதி. சென்ட் லோரன்டில் நாங்கள் இருந்த தெருவில் என்னைப் பற்றி ஒரு பெயர் இருந்தது, பிரெஞ்சு மதாம் என்று. அந்தப் பெயர் போய்விடும் என்ற பயம் மீதி. பன்னிரண்டாம் நாள் வக்கீலிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் திட்டவில்லை. ஒலிநாடாவை வரவழைத்து வேறொருவரிடம் கொடுத்துக் கேட்கச் சொல்லலாம், நீயும் ஒரு சத்தியக் கடிதம் கொடு, அவரும் மகன் இறந்ததை முழுக்கச் சொல்லிக் கொடுக்கட்டும், அரைகுறையாகச் சொன்னால் இந்த முறையும் எடுபடாது என்றாள்.

அவரிடம் போய்ச் சொன்னேன். தேன்மெழுகும் கொழுப்பும் கலந்த பசையைக் குண்டுகளின் வரிகளில் விரலால் தடவிக்கொண்டிருந்தார். நான் அழுதுகொண்டே சொல்லி முடித்தேன். கையிலிருந்த குண்டைத் தடவி முடித்து வைத்துவிட்டு, அடுத்ததை எடுக்கவில்லை. "நீங்க வேணுமெண்டு செய்யல்லதானே," என்றார். என்னை ஒரு வார்த்தை வைதிருக்கலாம். அந்த ஈயச் சட்டியைத் தூக்கி எறிந்திருந்தாலும் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கோபத்தையும் அளந்துதான் வைத்திருந்தார், எனக்குப் பங்கு வரவில்லை.

வக்கீல் அறையில் மூன்று மணி நேரம் அவரை உட்கார வைத்தோம். நான்தான் மறுபடியும் மொழிபெயர்த்தேன். வேறு ஆள் வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். ஏன் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. மகன் எங்கே நின்றான், எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு தூரம் என்று வக்கீல் ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கீழே விழுந்த மகன் அந்த நிமிடமே இறந்துவிட்டான் என்பது புதருக்குள் ஒளிந்திருந்த உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். அதை நான் தமிழில் கேட்டிருக்கக் கூடாது. கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

"விழுந்த விழுகையிலயே தெரிஞ்சிது. எத்தின பண்டியப் பாத்திருப்பன், புள்ள."

வக்கீல் பேனாவை வைத்துவிட்டாள். அதை நான் பிரெஞ்சில் எப்படிச் சொன்னேன் என்பது எனக்கு நினைவில்லை. அவர் தொடர்ந்து சொன்னார். அவர்கள் போனபிறகு மகனைத் தூக்கிக்கொண்டுபோய் வயல் வரம்பருகே, யாரும் இல்லாமல், தாமே குழி வெட்டிப் புதைத்தார். உடலை விட்டுவைத்தால் எடுத்துக்கொண்டுபோய் இயக்கத்துப் பெடியன் என்று காட்டுவார்கள். துவக்கை வாவியில் போட்டுவிட்டார். மனைவியும் மகளும் அன்றைக்கு வாவிக்கு அந்தப்பக்கம், தங்கை வீட்டில் இருந்தார்கள். மூன்றாம் நாள்தான் வர முடிந்தது.

அடுத்த பனிக்காலம் முடிகிற சமயத்தில் ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தது. நான் பண்ணைக்கு ஓடினேன், இனிப்பு வாங்கிக்கொண்டு. அவர் கடிதத்தை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். கிழவர்தான் ஆர்ப்பாட்டம் செய்தார், முத்தம் கொடுத்தார், பாட்டில் திறந்தார். இனி மனைவியையும் மகளையும் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். என் தலையில் இருந்த பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்தேன். செய்த தப்பைச் சரி செய்துவிட்டேன், எல்லாம் நேராகிவிட்டது என்று அன்று இரவு வீட்டில் பாயசம் கூட வைத்தேன்.

ஒரு மாதம் ஆகியும் அவர் படிவம் நிரப்ப வரவில்லை. இரண்டு மாதம். நானே போய்க் கேட்டபோது, மனைவியின் கடிதம் ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார். படிக்கச் சொன்னார். வரமாட்டேன் என்று எழுதியிருந்தாள். நீங்கள் அங்கே இருந்து உழையுங்கள், மகளை வேண்டுமானால் பிறகு பார்ப்போம், நான் வீட்டைப் பூட்டிப்போட்டு வரமாட்டேன், பிள்ளை எந்த நேரமும் வரலாம், வந்து பார்த்துவிட்டு ஒருவரும் இல்லையென்று திரும்பிப் போய்விட்டால் என்ன செய்வது.

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. அவர் அவளிடம் மகன் இறந்ததைச் சொல்லவேயில்லை. மூன்றாம் நாள் படகிலிருந்து இறங்கி ஓடிவந்து மகன் எங்கே என்று அவள் கேட்டபோது, ஓடினவன், ஆளைக் காணயில்ல என்று சொல்லியிருக்கிறார். நடந்ததற்கு ஒரு சொல்லும் கூட்டாத மனுஷன், வாழ்நாளில் ஒரே ஒரு பொய் சொல்லியிருக்கிறார். விசாரணையில் நான் உளறியதும் அதே பொய்யைத்தான். கொட்டகையில் அவர் முகம் வெளுத்தது அதனால்தான். தன் மனைவிக்குச் சொன்னது கனடா அரசாங்கத்துக்கு எப்படித் தெரிந்தது என்று பயந்துவிட்டார்.

அவளுக்கு உண்மையை எழுதுங்கள் என்று மன்றாடினேன். நான் எழுதட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவள் ராணுவ முகாம் முகாமாகப் போய் வாசலில் நிற்கிறாளாம், பெயர் எழுதிக் கொடுக்கிறாளாம், கோயில் கோயிலாக நேர்த்தி வைக்கிறாளாம். அவள் எங்கும் அலையத் தேவையில்லை, மகனைப் புதைத்த இடம் வீட்டிலிருந்து நடந்தால் கால் மணி நேரம், தினமும் அந்த வரம்பால்தான் தண்ணீருக்குப் போய்வருவாள் என்றார். இத்தனை வருடம் அதில் நடக்கவிட்டுவிட்டு இப்போது எப்படிச் சொல்வது என்று என்னைக் கேட்டார். கடிதத்தை மடித்து அவர் கையில் கொடுத்தேன்.

நடந்து முடிந்ததைச் சொல்லிவிடுகிறேன். கடைசியில் படிவம் நிரப்பினோம், அனுப்பினோம். ஏழெட்டு மாதம் கழித்து அலுவலகத்திலிருந்து கேள்வி வந்தது. சத்தியம் செய்து இறந்துவிட்டதாகச் சொன்ன மகனை இப்போது எப்படி அழைக்கிறீர்கள், இரண்டில் எது உண்மை, இத்தனை நாளைக்குள் பதில் தாருங்கள். அதையும் நான்தான் படித்துச் சொன்னேன். அவர் பதில் கொடுக்கவில்லை. மகன் பெயரை அடித்துவிட்டு மற்ற இருவருக்கும் மட்டும் போடலாம், வக்கீல் பேசிப் பார்ப்பாள் என்றேன். கேட்டுக்கொண்டே இருந்தார். நாள் கடந்தது, கோப்பை மூடிவிட்டார்கள். கிழக்கில் மறுபடியும் சண்டை மூண்டபோது மனைவியின் கடிதங்கள் நின்றன. கிழவர் இறந்து பண்ணையை விற்றார்கள். அதன்பின் அவர் டொரொன்டோ பக்கம் போனதாக ஒருவர் சொன்னார், இல்லை, ஊருக்கே திரும்பிவிட்டார் என்று இன்னொருவர் சொன்னார். நான் விசாரிக்கவில்லை என்பதுதான் உண்மை. எனக்குப் பயமாக இருந்தது.

அந்தப் படிவத்தை நிரப்பியது என் வீட்டுச் சமையலறை மேசையில். அவரே பஸ் பிடித்து சென்ட் லோரன்ட் வரை வந்திருந்தார், விசாரணையன்று போட்டிருந்த அதே சட்டை. மனைவி பெயர் எழுதினேன், மகள் பெயர் எழுதினேன். பேனாவை மூடப் போனேன்.

"மகன்ட பேரையும் போடுங்க."

"அவரு இறந்துட்டாருன்னு நாமதானே ஐயா எழுதிக் கொடுத்தோம்."

"இதுல அவள் கையெழுத்து வைக்கணும். அவன்ட பேர் இல்லாட்டி வைக்க மாட்டாள்."

போட்டால் என்ன ஆகும் என்று விளக்கினேன். முதலில் சொன்னதும் கெட்டுவிடும், மூன்று பேரும் வர முடியாது, உங்களுக்கே ஆபத்து என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றார். புரியாமல் சொல்லவில்லை, நன்றாகப் புரிந்துதான் சொன்னார். போடாமல் விட்டால் அவளுக்குத் தெரிந்துவிடும். போட்டால் அவள் வர முடியாது, ஆனால் தெரியாமல் இருப்பாள். அவர் இரண்டையும் நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறியிருக்கிறார். எழுத மாட்டேன் என்று நான் எழுந்திருக்கலாம். முன்பு ஒருமுறை அவர் சொல்லாததை எழுதவைத்தவள் நான், இப்போது சொல்வதை எழுத மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

பெயர் எழுதினேன். பிறந்த தேதி கேட்டேன், நாளும் நேரமும் நட்சத்திரமும் சேர்த்துச் சொன்னார். அடுத்த கட்டத்தில் தற்போதைய முகவரி என்று இருந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"தாயோட எண்டு போடுங்க," என்றார்.

போட்டேன். அவர் படிவத்தைத் தன் பக்கம் திருப்பி, மகன் பெயரின்மேல் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் பார்த்தார். ஒரு எழுத்து பிழை என்றார். அழித்துத் திருத்தி எழுதினேன்.